என்ஜின் நின்ற பிறகு

...பயப்படட்டும், இன்றைக்கு ஒரு நாள் மட்டும், அவர்கள் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும், முன்னே மாதிரி காதைப் பொத்திக்கொண்டு ஓடட்டும், ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் சுருண்டுகொள்ளட்டும், அதற்கப்புறம் ஒரு நாளும் வேண்டாம்... என்று நினைத்துக்கொண்டே நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்த வினோதினிக்குக் கை நின்றுவிட்டது. இது யார் நினைக்கிறது? பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? விடிந்ததிலிருந்து எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் வேறு எதையோ யோசிக்கிற மாதிரி ஆரம்பித்து, அரிசி ஊறப்போட்டோமா, தண்ணி லாரி வந்ததா என்று எங்கெங்கோ சுற்றி, கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது. பழைய வலையின் மேல் பரப்பிய மீன் ஒரு பக்கம் காய்ந்திருந்தது, மறுபக்கம் இன்னும் ஈரம், காக்கை ஒன்று கவிழ்த்துப்போட்ட படகின் மேல் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, சூ என்றாள், அது நகரவில்லை. அந்தாண்டை பூவரச மரத்தடியில் அர்ச்சனா நண்டு ஓடுகளை வரிசையாக வைத்து ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தாள். ஏய், மூணாவது நண்டு, இன்னா பேச்சு அங்க, எந்திரி மேல... எட்டு வயதுக்கு என்ன அதட்டல், லோகேஷின் அதட்டல் அப்படியே, அவனும் படகில் நிற்கும்போது இப்படித்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு... வேண்டாம், அங்கே போக வேண்டாம், வரிசையாகப் போவோம்.

வரிசையாக வைத்தால்தான் வினோதினிக்கு மூச்சு வரும். பொன்னேரியில் பிளஸ் டூ முடித்தவள், உப்புமேட்டுக் குப்பத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவள்தான், முதலாவதாக, இரண்டாவதாக, ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து... அப்படி எழுதி எழுதி நினைப்பும் அப்படியே ஆகிவிட்டது. முதலாவதாக, இன்றைக்குச் சனிக்கிழமை, டிரஸ்ட்டிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், தரைப்பாலத்தின் மேல் மழைத்தண்ணீர் போவதால் பழவேற்காட்டிலிருந்து படகில். இரண்டாவதாக, பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள், அந்தச் சண்டையில் பயந்த பயம் இன்னும் எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குத் தெளிந்துவிட்டது என்று. மூன்றாவதாக, தெளியாத பிள்ளைக்கு இன்னும் சில வருஷம் எல்லாம் தொடரும், சாயந்திரச் சாப்பாடு, பால், பாடம், வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார வருகிற மார்கரெட் அக்கா, காலையும் மாலையும் ஸ்கூலுக்கு வேன். தெளிந்த பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாலாவதாக என்று ஆரம்பித்தால் ஈர மணல் மாதிரி உள்ளே சரிகிறது, வரிசை நிற்பதில்லை. சாப்பாடு போகட்டும், பால் போகட்டும், கஞ்சி காய்ச்சி ஊற்ற அவளுக்குக் கையில்லையா, கருவாடு விற்கவில்லையா, அதையெல்லாம் அவள் கேட்கவே இல்லை, வேன்... வேன் மட்டும்... வேனில் ஓர் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளே, ஓட்டுகிற சாலமன் அண்ணன் சீட்டுக்குப் பின்னால், ஒரு பிள்ளை உட்காருகிற இடம்.

ஏனென்றால் ஸ்கூலுக்குப் போகிற நேர் ரோடு மணல்வாய்க் குப்பத்தின் நடுவில் போகிறது. உப்புமேட்டுப் பிள்ளைகள் முன்னே எல்லாரும் அதில்தான் நடந்து போனார்கள், வினோதினியே கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தெரு வழியாகத்தான் தலை குனிந்துகொண்டு வந்தாள், தேசப்பன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று லோகேஷைக் கேலி செய்தார்கள், மாப்பிள, வலை நல்லாத்தான் வீசிக்கீற... தேசப்பன் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். இப்போதும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான், ஜாமீனில். போன வருஷம் வேன் ரிப்பேராகிக் கிடந்தபோது அர்ச்சனாவைக் கையைப் பிடித்து அந்த வழியாக அழைத்துப்போனாள், கடையில் பேச்சு நின்றுபோனது, டம்ளர் வைக்கிற சத்தம் கூட இல்லை, தாண்டிப் போன பிறகு தேசப்பன்தான் பின்னாலிருந்து சொன்னான், இன்னா பாப்பா, வளந்துட்டியே, அப்படியே லோகேஷ் ஜாடை. எவ்வளவு அன்பாகச் சொன்னான், அதட்டியிருந்தால்கூடத் தேவலை. போன மாதம் மீன் எடுக்க வருகிற பொம்பளை ஒருத்தி கூடையை இறக்கி வைத்துக்கொண்டே, நான் சொன்னேன்னு இல்ல தாயி, காதுல வுயுந்தத சொல்றேன், கோர்ட்டுல சாட்சி சொல்றதுன்னா சொல்லட்டும், கொயந்த வேன்ல போற வரைக்கும் சொல்லட்டும், அப்பால நடந்துதான போவணும்... இத இன்னா கிலோ போட்டுக்கலாம்? என்று ஒரே மூச்சில் கேட்டாள். அதை மார்கரெட் அக்காவிடம் சொன்னாள் வினோதினி, போலீஸ் ஸ்டேஷனுக்கும் மனு எழுதிக் கொடுத்தாள். போலீஸில் பார்க்கிறோம்மா என்றார்கள். மார்கரெட் அக்கா மேலே பேசிவிட்டு வந்து கண்ணைப் பார்க்காமல் சொன்னாள், பாதுகாப்பு வேற, இது மனசுக்கான திட்டம்னுட்டாங்க வினோ, இதுல அதச் சேக்க முடியாதாம். மனசு தனியாக, பிள்ளை தனியாக, ரோடு தனியாக.

வேறு என்ன செய்யலாம், யோசிக்காமலா இருக்கிறாள், ராத்திரியெல்லாம் இதுதானே. அவளே கூடப் போகலாம், சாட்சிக்காரியும் சாட்சிக்காரி பெண்ணும் சேர்ந்து போனால் அவர்களுக்கு வேலை மிச்சம். படகில் கொண்டுபோய் விடலாம், காலை நேரத்தில் படகு இருக்கிற ஆம்பிளை எல்லாம் ஏரிக்குள் இருப்பான். பொன்னேரியில் அக்கா வீடு இருக்கிறது, காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டால் கிடைக்கும், மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம்... போனால் லோகேஷின் பங்கு போய்விடும். ஊர்க்கட்டு அப்படி. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அரைப்பங்கு உண்டு, ஊர் வலை கட்டுகிற பாட்டில் விழுகிற இறாலில் அவள் பேரைச் சொல்லி எடுத்து வைக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அடுப்பு ஊரில் எரியணும், எரியாத வீட்டுக்குப் பங்கு கிடையாது. அந்த அரைப்பங்குக்காகவா இங்கே கிடக்கிறாள்? அதுக்காகவும்தான். அதை விட்டுவிட்டால் லோகேஷ் எதற்காகச் செத்தான் என்று ஆகிவிடும், அப்புறம் சாட்சி மட்டும் எதற்கு, நான் ஒண்ணும் பாக்கல ஐயா, இருட்டா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமே, எவ்வளவு சுலபம், ஒரு வரி. அந்த வரியைக்கூட அவள் ஒத்திகை பார்த்திருக்கிறாள், பல் துலக்கும்போது, வாய்க்குள்.

பாடு என்று சொல்வது ஏரிக்குள் இறால் ஓடுகிற இடத்தைத்தான். சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது, இன்றைக்கு இந்த ஊர் வலை கட்டினால் நாளைக்கு அந்த ஊர், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முறை மாறாது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு திறந்தது, கடல் உள்ளே புகுந்து மணல்திட்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது, ஆழம் இருந்த இடம் மேடாயிற்று, மேடு இருந்த இடம் ஆழமாயிற்று. கழி நட்ட இடம்தான் பாடு, கழி எங்க பக்கம் கீது என்றார்கள் உப்புமேட்டில். ஆழம் எங்க போச்சோ பாடும் கூடவே போவும், அது எங்க முறை என்றார்கள் மணல்வாயில். இரண்டும் நியாயம்தான், இன்றைக்கு நினைத்தாலும் இரண்டும் நியாயம்தான், அதுதான் கொடுமை, ஒரு பக்கம் பொய்யாக இருந்திருந்தால் யாராவது ஒருத்தராவது வெட்கப்பட்டிருப்பார்கள். இறாலுக்குத் தெரியுமா கழி. லோகேஷ் வலைக்குக் காவலாகப் படகிலேயே படுத்திருந்தான், கரையை ஒட்டி. விடிகிற நேரம், அவள் சொம்பில் டீ எடுத்துக்கொண்டு போனாள், நாலு வயதுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து பின்னாலேயே வந்துவிட்டது, நைனா நைனா என்று. தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது, ஒன்றல்ல, நிறைய. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அவளுக்குத் தெரிந்துவிட்டது எப்படியோ, சொம்பைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு கரையில் குவித்திருந்த வலைக்குள் புகுந்தாள், ஒளியணுமாம்மா என்று கேட்டது குழந்தை, கண்ணாமூச்சி என்று நினைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆமா கண்ணு, ஒளியணும், சத்தம் போடக் கூடாது. வாயைப் பொத்தினாள். அவளுடைய உள்ளங்கைக்குள் குழந்தையின் சிரிப்பு இருந்தது, சூடாக, கொஞ்ச நேரம். வலைக்கண்ணி வழியாகப் பார்த்தாள், தேசப்பன் கையில் துடுப்பு, லோகேஷ் எழுந்திருக்கக்கூட இல்லை... அவ்வளவுதான், அதற்கு மேல் கோர்ட்டில் சொன்னால் போதும், இங்கே எதற்கு, மீன் காய்கிறது, புரட்டு.

அதற்கப்புறம் எந்தப் படகு வந்தாலும் அர்ச்சனா ஓடினாள். சோற்றுத் தட்டை விட்டுவிட்டு, பாதி போட்ட சட்டையோடு, கட்டிலுக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், ஒரு தடவை கவிழ்த்த மீன் கூடைக்குள். டிரஸ்ட் வந்தது, மார்கரெட் அக்கா வந்தாள், பழவேற்காட்டுக்காரிதான், சர்ச் தெரு, ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்துதான் வருவாள், தெய்வம் மாதிரி என்று சொன்னால் அடிப்பாள். என்ஜின் சத்தத்துக்குத்தான் பயப்படுது, சத்தத்தப் பழக்கணும் என்றாள். போனில் என்ஜின் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்து, முதலில் கொசு மாதிரி, ரொம்பச் சின்னதாக, கலர் பென்சிலும் பிஸ்கட்டும் கொடுத்து உட்காரவைத்து, அடுத்த வாரம் கொஞ்சம் பெரிதாக, அப்புறம் இன்னும் கொஞ்சம், எத்தனை மாதம், அவள் பொறுமையைச் சொல்லணும். அம்மாக்கள் எல்லாரும் வெளியில இருங்க, நீங்க இருந்தா பிள்ளைங்க மடியிலயே இருக்கும் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு அர்ச்சனா வெளியே வந்தாள், வாயால் டபடபடபடப என்று என்ஜின் ஓட்டிக்கொண்டு, கன்னத்தில் ஒட்டிய நட்சத்திரத்தோடு. அன்றைக்கு வினோதினி அழுதாள், மார்கரெட் அக்காவின் தோளில் சாய்ந்து, மூக்கை அவள் புடவையிலேயே துடைத்து... அது நிஜமான சந்தோஷம்தானே? அன்றைக்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள்தானே நீ? நேற்று மார்கரெட் அக்கா வந்து, நாலு வருஷம் ஆச்சு வினோ, இனிமே அவசர உதவினு சொன்னா எவனும் பணம் குடுக்க மாட்டேங்கிறான், உலகத்துல எங்கெங்கயோ சண்டை நடக்குது, குண்டு போடுறான், நம்ம ஏரிய யார் பாக்கப் போறா, அதான் ரொம்ப முடியாத பிள்ளைங்கள மட்டும் வெச்சுக்கலாம்னு சொல்றாங்க, என்றாள், சொல்லிவிட்டு, அர்ச்சனாவுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுத்துடாதம்மா, அவ தேறிட்டா, அது நல்ல சேதி, புரியுதா, என்று கையைப் பிடித்தாள். புரிகிறது. நல்ல சேதி. தேறின பிள்ளை மணல்வாய்த் தெருவில் நடந்து போகலாம்.

இன்னாடி வினோ, மீன நீ காய வெக்கிறியா, மீனு உன்ன காய வெக்குதா... மாலதி அக்கா குரல், பக்கத்து வீடு, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றாள், அவள் புருஷனுக்கு அந்தச் சண்டையில் கை போனது, அவளுக்கு வாய் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எத்தனை மணிக்காம் தொரைங்க வர்றது? அதான் தண்ணி ஏறினா ரோட்டாண்ட எறங்கி நடந்து வரலாமில்ல, படகுல வந்தாதான் அப்டியே பூநாரையும் பாத்துக்கலாம்னு ஒரு ஆச. வினோதினி சிரித்தாள், சிரிக்காமல் இருக்க முடியாது அவளிடம். எங்க வூட்டு சின்னவளுக்கு நேத்தே சொல்லிக் குடுத்துட்டேன், என்றாள் மாலதி, குடத்தை இறக்கி வைத்து. சத்தம் கேட்டதும் தொப்புனு வுயணும், கண்ண மேல சொருவிக்கணும். ரெண்டு தபா நல்லாத்தான் வுயுந்தா, மூணாவது தபா சிரிச்சுட்டா, வெச்சேன் முதுவுல ஒண்ணு, இப்ப அழுவுது, அழுவட்டும், கண்ணு செவந்து இருந்தா இன்னும் நல்லது. அக்கா, அது நடிப்புக்கா, என்று சொல்லிவிட்டாள் வினோதினி, சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாலதிக்குக் கோபம் வரவில்லை. இன்னா நடிப்பு? ராவுல பொசுக்குனு எந்திரிச்சு உக்காந்துக்குனு செவுத்தப் பாக்குறாளே, அது நடிப்பா? பயம் நெசம்தான்டி, அவங்க வர்ற நேரத்துக்கு வர மாட்டேன்னுது, அவ்ளோதான், நான் நேரத்தச் சரி பண்ணி வுடுறேன். உம்பொண்ணு டான்ஸு ஆடப் போவுதாமே? ஆடட்டும். பள்ளிக்கூடம் தொறந்ததும் மணல்வாய்ல நடந்து போவச்சொல்ல ஆடுறாளானு பாப்போம். வினோதினியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. கோச்சுக்காதடி. எனக்கும் வயிறு எரியுது. ஆனா உம்பொண்ணு ஒரு தினுசுதான், நீ போன தபா வாய்தாவுக்குப் பொன்னேரி போன அன்னிக்கு எத்தினி படகு வந்துச்சு, எத்தினி போச்சு, இது பாட்டுக்கு நண்டு புட்ச்சிட்டு கீது, திரும்பிக்கூடப் பாக்கல. தெளிஞ்சுதான் போச்சு. உன் ராசி அது... குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், போகும்போது காக்கையை விரட்டினாள், அது அவளுக்கு மட்டும் பறந்தது.

சொல்லிக் கொடுத்துவிடலாமா? ஒரே ஒரு வரிதானே. கண்ணு, படகு வந்ததும் ஓடிப்போய் ஒளிஞ்சுக்க, அம்மா சொல்ற வரைக்கும் வெளிய வராத. கேட்பாள். கேள்வி கேட்டாலும் செய்வாள். அந்தப் பெரியவர்கள் பார்ப்பார்கள், ஐயோ பாவம் என்பார்கள், வேன் இருக்கும், கேஸ் முடிகிறவரைக்கும் இருக்கும், தேசப்பன் கடையில் டம்ளர் சத்தம் அது பாட்டுக்கு... ஆனால் மார்கரெட் அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது, அத்தனை மாதம், அத்தனை பிஸ்கட், சேற்றில் நடந்து நடந்து அவள் காலில் வெடிப்பு. அதைவிட, அர்ச்சனாவுக்கு என்ன தெரியும், பயப்படுவதுபோல் செய் என்று சொன்னால் எதற்கு என்று கேட்காத பிள்ளை உண்டா, நீ பயந்தால்தான் உனக்கு வேன் என்று சொல்வதா, அப்புறம் அவள் எதைப் பார்த்துப் பயப்படுவாள், எதைப் பார்த்துப் பயப்படுவதுபோல் செய்வாள், அவளுக்கே எது எது என்று தெரியாமல் போய்விட்டால்? அர்ச்சனா, இங்க வா, என்று கூப்பிட்டாள். நண்டு வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள் குழந்தை, முன்னால் உட்கார்ந்தாள், தலை வாரிவிடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு. வினோதினி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரலாலேயே சிக்கெடுத்தாள், தலையில் மீன் வாடையும் வெயில் வாடையும். கண்ணு... இன்னாம்மா. இன்னிக்கு மார்கரெட் மிஸ் வர்றாங்க இல்ல... ஆமா, பெரிய மிஸ்ஸுங்களையும் இட்னு வர்றாங்க, நான் என்ஜின் டான்ஸ் ஆடிக் காட்டப் போறேன், மார்கரெட் மிஸ் எனக்கு ரெண்டு நட்சத்திரம் தர்றேன்னு சொல்லிருக்காங்க, ஒண்ணு உனக்கு. எனக்கு எதுக்குடி? நீ வெளியவே உக்காந்துட்டு இருந்த இல்ல, எத்தினி நாளு, அதுக்கு. வினோதினிக்குச் சொல்ல வந்த வரி எங்கேயோ போய்விட்டது. ஜடையைப் பின்னி, முனையில் ரப்பரைச் சுற்றினாள், இரண்டு சுற்று போதும், நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா, வலிக்குது, என்றாள் குழந்தை.

அப்போது சத்தம் கேட்டது. மணல்வாய்ப் பக்கம் இல்லை, தெற்கே, பழவேற்காட்டுப் பக்கம், முதலில் காதுக்கா மனசுக்கா என்று தெரியாத மாதிரி, அப்புறம் தெளிவாக, டபடபடபடப. அர்ச்சனா துள்ளி எழுந்தாள், வந்துட்டாங்க, வந்துட்டாங்க, என்று கரையை நோக்கி ஓடினாள், தண்ணீர் விளிம்பில் நின்று இடுப்பை ஆட்டினாள், இரண்டு கையையும் உரலில் இடிக்கிற மாதிரி ஆட்டி, டபடபடபடப, அங்கங்கே வீட்டு வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், மாலதி வீட்டில் சின்னவள் தொப்பென்று விழுந்திருக்க வேண்டும், ஏய், இப்பவே இல்லடி, பக்கத்துல வரட்டும், என்று மாலதியின் குரல். ஓடு, என்று வினோதினி மனசுக்குள் கெஞ்சினாள், கும்பிட்டாள்கூட, எந்தச் சாமி இதற்கெல்லாம் காது கொடுக்கும், ஓடிவிடு கண்ணு, ஒரே ஒரு தடவை, அம்மா உன்னை அப்புறம் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், சத்தியமாக... குழந்தை ஆடியது. படகு ஒரு புள்ளியாக இருந்தது, அப்புறம் மூக்கு தெரிந்தது, நீலப் பெயின்ட், ஆட்கள், ஒரு குடை, மார்கரெட் அக்காவின் ஆரஞ்சுப் புடவை, கை ஆட்டினாள். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஆடுகிற குழந்தையைத்தான் எடுக்கிறார்கள், பார், எவ்வளவு அழகாகத் தேறியிருக்கிறது என்று. முடிந்துபோயிற்று. வினோதினிக்குத் தான் எழுந்து குழந்தைக்குப் பின்னால் போய் நின்றது எப்படியென்று தெரியவில்லை, வரவேற்கணும், வாங்க ஐயா, வாங்கம்மா என்று சொல்லணும், படித்தவள் அவள்தானே.

ஏரி அங்கே ஆழமில்லை, முட்டியளவுதான், எந்தப் படகாக இருந்தாலும் கரைக்குக் கொஞ்சம் முன்னால் என்ஜினை அணைத்து மேலே தூக்கிவிட்டு, கழி ஊன்றித்தான் வரணும், இல்லாவிட்டால் என்ஜினின் காற்றாடி சேற்றில் மாட்டிக்கொள்ளும், இது குழந்தைக்கும் தெரியும். என்ஜின் நின்றது. ஏரி முழுக்கச் சத்தம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை, காக்கைகூட இல்லை, தூரத்தில் பூநாரைகள் அசையாமல் நின்றன. அப்புறம் கழி சேற்றில் இறங்குகிற ஓசை, சளக்... இழுத்து... சளக். வினோதினியின் மூச்சு நெஞ்சுக்குழிக்கு மேலே வரவில்லை. தோள் இறுகியது, வயிறு உள்ளே போயிற்று, காது மட்டும் பெரிதாகிக்கொண்டே போன மாதிரி, இதென்ன, மார்கரெட் அக்காதானே வருகிறாள், ஆரஞ்சுப் புடவை தெரிகிறதே, பிஸ்கட் பையோடு வருகிறவளைப் பார்த்தா... ஆனால் உடம்பு கேட்கவில்லை, உடம்பு அங்கே இல்லை, வலைக்குள் இருந்தது. ஒவ்வொரு படகுக்கும் இப்படித்தானா? இந்தக் கரையில் ஒரு நாளைக்கு எத்தனை படகு, நாலு வருஷம், ஒவ்வொரு தடவை என்ஜின் நின்றபோதும் நான் இப்படித்தான் நின்றேனா, கையில் கரண்டியோடு, துடைப்பத்தோடு, எனக்கே தெரியாமல்? போனில் வருகிற என்ஜின் நிற்பதில்லை, மார்கரெட் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அணைப்பாள், கதவு சாத்தியிருக்கும், நான் வெளியில் இருப்பேன்... நான் பொன்னேரி போன அன்றைக்கு இவள் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்... சளக்.

அர்ச்சனாவின் ஆட்டம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று வினோதினி பார்க்கவில்லை. குழந்தை படகைப் பார்க்கவே இல்லை, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பயமாக இல்லை, சிரிப்பாகவும் இல்லை, தண்ணீர் கொண்டுவரட்டுமா, அடுப்பை அணைக்கட்டுமா என்று கேட்க நிற்கிற மாதிரி, சொல்வதற்காகக் காத்துக்கொண்டு, ரொம்ப நாளாகப் பழகிய ஒரு வேலையைப்போல. அப்புறம் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டது.

ஒளியணுமாம்மா?

பின்னால் யாரோ தண்ணீரில் இறங்குகிற சத்தம், ஐயோ சேறு, என்று ஒரு புதுக் குரல், சிரிப்பு, அர்ச்சனா, எங்கடி உன் டான்ஸு, என்று மார்கரெட் அக்கா. இல்ல கண்ணு, என்று சொல்லணும். ஆமா கண்ணு, என்று சொல்லணும். இரண்டில் எதைச் சொன்னாலும் இவள் செய்வாள், இத்தனை நாளும் அதைத்தான் செய்தாளா, நான் வாய் திறக்காமலே சொல்லச் சொல்ல... வினோதினி வாயைத் திறந்தாள், எந்த வார்த்தை வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை, கீழே பார்த்தாள், நெத்திலிச் செதில் ஒட்டிய தன்னுடைய வலது கை, யாரும் சொல்லாமலே, விரல்கள் சேர்ந்து குவிந்து, குழந்தையின் வாய் உயரத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.